எழுத்தின் தலைமேல் ஒரு கோடு

சார்,

கையெழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். 'ண'வுக்கு இரண்டு சுழியா மூன்றா என்று ஒவ்வொரு முறையும் நின்று யோசிக்கிறேன். சில எழுத்துகளின் தலைமேல் கோடும் விழுந்திருக்கிறது. கை தானாகப் போட்டுவிடுகிறது. அழித்தால் தாள் கிழிகிறது, விட்டுவிட்டேன்.

காலையில் நம் தமிழாய்வாளர் சங்கத்தின் மாத இதழ் தபாலில் வந்தது. நான்கே பக்கம், ஆனால் அச்சு மை வாசனை அறை முழுக்க அடிக்கிறது. கடைசிப் பக்கத்தில் உறுப்பினர் செய்திகள். அதில் என் பெயர் இருக்க வேண்டும். இன்னும் பிரிக்கவில்லை. இரண்டு தடவை டீ குடித்தாயிற்று. பால்கனிக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். "என்ன மாமா, பரீட்சை ரிசல்ட்டா வந்திருக்கு?" என்று மருமகள் கேட்டுவிட்டாள்.

ஆகுர்டி தொழிற்சாலையில் ஓய்வு பெற்று, கோந்த்வாவில் மகன் வீட்டுக்கு வந்த புதிதில் பொழுது போகாமல்தான் உங்கள் கூட்டத்துக்கு வந்தேன். நாற்காலி போடுவேன், முடிந்ததும் அடுக்குவேன். கடைசியில் செயலாளரான நீங்கள் எழுந்து உறுப்பினர் செய்திகளை வாசிப்பீர்கள். ஒருவர் முனைவர் பட்டம் வாங்கியிருப்பார், ஒருவர் நூல் வெளியிட்டிருப்பார், ஒருவருக்குப் பேத்தி பிறந்திருக்கும். ஒரு நாள் கேட்டேன்.

"இதுல என் பேரு எப்ப சார் வரும்?"

"உங்க கையால தமிழ்ல விண்ணப்பம் எழுதித் தாங்க அண்ணாச்சி. அந்த மாசமே வரும். நம்ம சங்கத்துல அது ஒண்ணுதான் சட்டம்."

எனக்கு எழுதத் தெரிந்தது என் பெயர் மட்டும். அதுவும் மராத்தியில், வேலைக்குச் சேர்ந்தபோது ஃபோர்மன் காட்டிக்கொடுத்தது. மேலே ஒரு கோடு இழுத்து, அதில் எழுத்துகளைத் தொங்கவிட வேண்டும். அன்றே கூட்டம் முடிந்தபின் கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார்ந்து 'அ' தொடங்கினீர்கள். நான் அதற்கும் கோடு போட்டேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது.

"இதென்ன, துணி காயப்போடுத கொடியா? அவுத்து விடுங்க அண்ணாச்சி. தமிழெழுத்து தானா நிக்கும்."

கோடில்லாமல் விண்ணப்பம் எழுத எட்டுத் தாள் வீணானது. ஒன்பதாவதிலும் என் பெயர் மேல் கோடு விழுந்தேவிட்டது. வெட்கத்தோடு நீட்டினேன். "வீட்டுல போய் நிதானமா படிக்கேன்" என்று பையில் வைத்துக்கொண்டீர்கள். அந்த வாரமே போய்விட்டீர்கள்.

புதிய செயலாளர் கோயம்புத்தூர்ப் பெண், கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. "உங்க ஃபார்ம் வரவே இல்லீங்களே ஐயா. இன்னொண்ணு எழுதிக் குடுத்துருங்க" என்றாள். மாட்டேன் என்றேன். நீங்கள் அதைப் படித்தீர்களா என்று தெரியாமல் இன்னொன்று எழுதக் கை வரவில்லை. இருப்புக் கொள்ளாமல் திரிந்தேன்.

உங்கள் இரங்கல் கூட்டத்துக்கு உங்கள் வீட்டம்மா அந்தப் பையோடு வந்தார். "இது உங்களுதான்னு பாருங்க" என்று தாளைக் கொடுத்தார். 'பரிந்துரைப்பவர்' என்ற இடத்தில் உங்கள் கையெழுத்து. அதன் தலைமேல், அளவுகோல் வைத்து இழுத்ததுபோல், ஒரு கோடு.

மண்டபத்தில் எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள். நான் சிரித்துவிட்டேன் சார். அந்தத் தாளை அப்படியே புதிய செயலாளரிடம் கொடுத்தேன்.

இதோ, இதழைப் பிரித்துவிட்டேன். முதலில் உங்கள் செய்தி, அதன் கீழே என்னுடையது. படித்தவர்கள் என்றால் கண்ணைத் தாண்டவிட்டு நேரே கீழே போய்விடுவார்கள். எனக்கு எழுத்து எழுத்தாகத்தான் போக முடிகிறது. 'மறைந்தார்' என்பதை முதலில் 'மறந்தார்' என்று படித்தேன். நீங்கள் மறக்கவில்லையே என்று திரும்ப வந்து, றகரத்தின் முன்னால் இருந்த கொம்பைப் பார்த்தேன். நீங்கள் போனதை எல்லோரும் சொல்லிக் கேட்டிருக்கிறேன். நானே படித்தது இன்றுதான்.

அதைத் தாண்டியதும் என் பெயர். கோடு எதுவும் இல்லாமல் தானாக நிற்கிறது. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு பேனாவை எடுத்து, பதிலுக்கு, உங்கள் பெயரின் தலைமேல் ஒரு கோடு போட்டேன்.

வரும் ஞாயிறு உறுப்பினர் செய்திகளை என்னையே வாசிக்கச் சொல்லியிருக்கிறாள் அந்தப் பெண். "ரொம்ப நேரம் ஆகுமே" என்றேன். "நாற்காலி நீங்க போட்டதுதானுங்களே, உக்காந்திருப்பாங்க" என்றாள். யாருக்கு என்ன நல்லது நடந்தது என்று வாசித்து முடித்ததும், அடுத்த வாரம் உங்களுக்கும் எழுதுகிறேன்.