ஆம்ப்பின் மூன்றாவது குமிழ்

அக்டோபர் 4, சனி

என் கிட்டார் ஆம்ப்பின் சத்தம் மங்கிவிட்டது. நெவென்காவைக் கல்யாணம் செய்த வருடம் சர்க்கரை ஆலைச் சம்பளத்தில் வாங்கியது. டிரான்சிஸ்டர் ஆம்ப், பழைய ரேடியோபோல மாற்றுவதற்கு வால்வும் கிடையாது, அதற்குக் கோபமும் வராது. மூன்றாவது குமிழ், கீச்சொலியைக் கூட்டிக் குறைக்கும் ட்ரெபிள், எப்போதும் ஐந்தில்தான் இருக்கும். இப்போது எட்டில் வைத்தாலும் கம்பளியை மூடிக்கொண்டு பாடுவதுபோல் இருக்கிறது.

நவம்பர் 22-இல் மச்சான் ஜார்கோவின் மகள் கல்யாணம். அவன் அக்கார்டியன், நான் கிட்டார், முப்பது வருட ஜோடி. ஆனால் போன நிகழ்ச்சியில் என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்தான். வேறு ஆளைத் தேடுகிறானோ?

பின்மூடியைக் கழற்றித் தூசி தட்டினேன். நெவென்காவின் ரொட்டித் தூரிகையால். திட்டு வாங்கினேன்.

அக்டோபர் 9

குமிழ் கரகரக்கிறது. சுத்தம் செய்யும் ஸ்ப்ரே தீர்ந்துவிட்டது. ஜார்கோ தன் வீட்டு ராக்கியாச் சாராயம் ஒரு குப்பி கொண்டுவந்தான். "அப்பா காய்ச்சினது மச்சான். துருப்பிடிச்ச ஆணிகூட மின்னும்." உள்ளே ஊற்றித் திருகினோம்.

அக்டோபர் 10

அது தேன் கலந்த ராக்கியா. குமிழ் அசையவே மாட்டேன் என்கிறது. முதலில் குடித்துப் பார்த்திருக்க வேண்டும்.

அக்டோபர் 18, சனி

ரிப்பேர்காரர் திவதார் குமிழின் உள்பாகத்தை மாற்றிவிட்டார். சிரித்து முடிக்கவே கால் மணி நேரம். "நக்கிப் பார்த்தேன் போஷ்கோ, நல்ல தேன்."

ஸ்பீக்கரும் போயிருக்கும் என்றேன். ஒலி எழுப்பும் ஒரு கருவியை இணைத்து, கிட்டார் இல்லாமலே ஆம்ப்பைச் சோதித்தார்.

"இப்ப கேக்குதா?"

"நீங்க இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே."

கூட வந்த நெவென்கா அதற்குள் காதைப் பொத்திக்கொண்டிருந்தாள். திவதார் எதையோ திருகிச் சத்தத்தை நிறுத்தினார். "ஆம்ப்ல ஒரு கொறையும் இல்ல" என்று மெதுவாகச் சொன்னார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

எனக்கு ஏன் இத்தனை கோபம் வந்தது? ஆம்ப்பைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்துவிட்டேன்.

நவம்பர் 8, மித்ரோவ்தான்

எங்கள் குடும்பப் புனிதரின் நாள். உறவும் அக்கம்பக்கமும் அழைக்காமலே வந்து நிறைந்துவிட்டார்கள். படையலுக்கு வேகவைத்த கோதுமை, மெழுகுவர்த்தி, வறுத்த பன்றி எல்லாம் குறைவில்லாமல் நடந்தது. பிறகு வாசி என்றார்கள். ட்ரெபிளைப் பத்தில் வைத்தேன். அப்போதுதான் கொஞ்சம் நன்றாக இருந்தது. குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டன. பெரியவர்கள் பண்டிகை மரியாதைக்காகத் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நெவென்கா எழுந்துவந்து எல்லார் முன்னாலும் குமிழைக் குறைத்தாள்.

"கையை எடு!" என்று கத்தினேன். புனிதரின் மெழுகுவர்த்தி எரிந்துகொண்டிருக்கும்போது. சே.

நவம்பர் 9

நெவென்கா காபி வைத்துக்கொடுத்துவிட்டு என் வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

"ஒரு வருஷமா நான் இந்தப் பக்கந்தான் நடக்கிறேன், இந்தப் பக்கந்தான் உக்கார்றேன். நீ கவனிச்சியா?"

இல்லை.

"கெட்டில் விசில் அடிக்கும். நீ பக்கத்துலயே இருந்து பேப்பர் படிப்ப. மொதல்ல சோம்பேறின்னு நெனச்சேன். ரெண்டு மாசம் மனசுக்குள்ளயே திட்டினேன். அப்புறந்தான் புரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாமே."

"நீ தினமும் ஆம்ப்பத் தொறந்து பார்த்துட்டிருந்த. எப்பிடிச் சொல்றது, போஷ்கோ?"

அழுதேன். எழுதிவைப்பதில் என்ன வெட்கம். ஐயோ, என் காதா போச்சு? பாவம் அந்தப் பெட்டி, அதை எத்தனை தடவை கழற்றினேன்!

நவம்பர் 14

காது டாக்டர். இடது ரொம்ப மோசம், வலது பரவாயில்லை. காதில் வைக்கும் கருவி ஜனவரியில்தான் வருமாம். ஜார்கோவிடம் நானே சொன்னேன், கல்யாணத்துக்கு வேறு ஆளைப் பார் என்று.

"உன் காது எனக்கெதுக்கு மச்சான்? கை வந்தா போதும்."

நவம்பர் 23, ஞாயிறு

நேற்று கல்யாணம். விருந்தினர் வரும் முன்பே நெவென்கா மண்டபத்தின் கடைசியில் போய் நின்றாள். நான் வாசிக்க, ஜார்கோ குமிழைத் திருக, அவள் கையைக் காட்டினாள். இன்னும் குறை, இன்னும்... நிறுத்து. நாலரை. கைப்பையிலிருந்து நகப்பூச்சை எடுத்து அங்கே ஒரு சிவப்புப் பொட்டு வைத்தாள். "இதத் தாண்டினா விவாகரத்து."

எனக்குப் பழைய கம்பளிச் சத்தம்தான். கை குமிழுக்குப் போகத் துடித்தது. பொட்டைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன். ஆட்ட வட்டத்தில் மணப்பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தாள், முகம் சிவக்க. ஒருவரும் காதைப் பொத்தவில்லை. அது நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

நவம்பர் 24

இன்று காலை கெட்டிலை நானே இறக்கிவைத்தேன். விசில் கேட்கவில்லை. ஆவி தெரிந்தது.