மீன் தீனியை எண்ணுகிறவள்

நம் பனியன் கம்பெனி இரைச்சலிலும் என் காலடிச் சத்தத்தைக் கண்டுகொண்ட அப்பாவுக்கு,

நீங்கள் போன பிறகு முதல் தடவையாகக் கடலுக்குப் போய்வந்திருக்கிறேன். அதைத்தான் முதலில் உங்களிடம் சொல்ல வேண்டும்.

குமரிக்கு மேற்கே, தென்மேற்குப் பருவக்காற்று மேல் தண்ணீரைக் கரையிலிருந்து தள்ளிவிடும்போது, அடியிலிருக்கும் குளிர்ந்த, சத்துள்ள தண்ணீர் மேலேறி வரும். அதில் நுண்பாசி பெருகும். பாசியைத் தின்று விலங்கு மிதவையுயிரிகள் பெருகும். பெரும்பாலும் எறும்பைவிடச் சின்னவை. அவற்றைத் தின்னச் சாளைமீன் வரும். எத்தனை முறை சொல்லியிருப்பேன்! "மீனோட தீனியை எண்றதுக்கா உன்னைய இவ்வளவு படிக்க வெச்சேன்?" என்பீர்கள்.

ஆனாலும் ஒருமுறை வந்தீர்கள். படகில் மூன்று தரம் வாந்தி. கரைக்கு வந்து மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தீர்கள். ஒரு மிதவையுயிரியின் கண்ணாடி போன்ற உடம்புக்குள், தின்ற பாசியோடு குடல் பச்சையாகத் தெரிந்தது. "ஏனுங்க சார், இத்தனூண்டுக்குமா வயிறு இருக்குது?" என்று என் பேராசிரியரிடம் கேட்டீர்கள். அன்றோடு கேலி நின்றது. ஏன் என்று நான் கேட்கவேயில்லை. கேட்டிருக்கலாமோ?

உங்கள் காரியம் முடிந்த மறுநாளே பெரியப்பா, "வேலையை விட்டுப்போட்டு வந்து கம்பெனியைப் பாரு. உங்கம்மா ஒருத்தியால ஆகாது" என்றார். நான் வாயைத் திறக்குமுன் அம்மா சொன்னார்: "கம்பெனியை நான் பாத்துக்கறேனுங்க. புள்ள கடலுக்குப் போகட்டும்."

அம்மாவின் அந்தக் குரலை நீங்கள் கேட்டதில்லை. நானும் அன்றுதான் கேட்டேன்.

போன வாரம், மாதிரி எடுக்கும் முதல் இடத்தில் மிதவையுயிரி பிடிக்கும் நுண்வலையை இறக்கி ஏற்றினோம். வலை நுனியில் கட்டிய குடுவையில் ஏறக்குறைய ஒன்றுமில்லை. பார்த்தால், வலையின் அடியில் ஒரு சாண் கிழிசல். "காத்து ஏறுது, நாளைக்குப் பாப்பம் மக்ளே" என்றார் படகோட்டி சூசை அண்ணன். நாளைக்குக் காற்று இன்னும் ஏறும், படகே போகாது. குளிர்ந்த தண்ணீர் மேலே வந்திருக்கும் நாளை விட்டுவிட்டு எதை எண்ணுவது?

"அரைமணி நேரம் குடுங்கண்ணே" என்றேன். மாற்று வலைத்துணியில் ஒரு துண்டு வெட்டி, ஒட்டுப்போட்டுத் தைத்தேன். படகு ஆடிய ஆட்டத்தில் ஊசி இரண்டு தரம் விரலில் ஏறியது. முதல் குடுவையைக் கடலிலேயே கொட்டினேன். கிழிந்த வலையில் வந்ததை வைத்து எதையும் எழுதக் கூடாது.

மறுபடி ஏற்றியபோது குடுவை கூழாக இருந்தது, அப்பா! இளஞ்சிவப்பாக, துள்ளிக்கொண்டு. சூசை அண்ணன் எட்டிப் பார்த்து, "இனி சாளை வந்துரும் மக்ளே" என்று சிரித்தார்.

கரையேறியதும் அம்மாவைக் கூப்பிட்டேன். பின்னால் தையல் மிஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன.

"நெறைய இருந்துச்சா கண்ணு?"

"நெறைய இருக்குதுங்கம்மா."

"செரி, நல்லா எண்ணு. இங்க ஷிப்மெண்ட் போயிருச்சு."

அவ்வளவுதான் பேசினோம். எனக்கு அது போதுமாக இருந்தது.

மாதம் இரண்டு சனிக்கிழமை அம்மாவோடு கம்பெனியில் இருப்பேன். மற்ற நாளெல்லாம் இங்கே. கடலையும் விடமாட்டேன், அம்மாவைத் தனியே விடவும் மாட்டேன். இது நான் உங்களுக்குத் தரும் வாக்கு.

உங்கள் ஒரே மகள்,
சுகந்தி