வலிக்கு ஒரு சாட்சி

அன்புள்ள அம்மா,

வணங்குகிறேன். தோளும் இடுப்பும் இந்த வாரமாவது உன்னைத் தூங்க விடுகின்றனவா? அப்பா நலமா? நான் நலம், வேளைக்குச் சாப்பிடுகிறேன்.

உன்னைப் போல உடம்பெல்லாம் வலிப்பவர்களை ஒரு துளி ரத்தத்தில் கண்டறிய முயல்கிறோம் அல்லவா? நேற்று, பெயர் மறைத்து எண் மட்டும் ஒட்டிய ரத்தக் குப்பிகளை வலிக்காரர்கள், வலியில்லாதவர்கள் என்று இயந்திரம் அழகாக இரண்டாகப் பிரித்தது. வலியில்லாதவர்கள் கணக்கில் ஆய்வகத்தில் இருக்கும் நாங்களே ரத்தம் கொடுத்திருந்தோம். எண்களைச் சரிபார்த்தபோது, அதில் ஒன்று மட்டும் வலிக்காரர்கள் பக்கம் போயிருந்தது.

"மிஷின் சொதப்பிடுச்சு" என்றேன்.

பேராசிரியை சிரித்தார். "சொதப்பல. அது என்னோடது. எனக்கும் வருஷக்கணக்கா வலிதான்."

"உடம்புக்கு ஒண்ணுமில்லன்னு நீங்கதானே சொன்னீங்க, மேடம்?"

"எல்லார்கிட்டயும் அதானே சொல்றேன்! நல்லா மாட்டிக்கிட்டேன்."

மாட்டிக்கொண்டதற்கு இவ்வளவு மகிழ்ந்தவரை நான் பார்த்ததில்லை. எல்லோரும் கைதட்டினோம்.

சோதனை சின்னது. இன்னும் நிறையப் பேரிடம் பார்க்க வேண்டும். அதற்குள், உன்னைச் சோம்பேறி என்னும் அத்தையிடம் சண்டைக்குப் போய்விடாதே.

நீ தேய்க்கும் தைலம் ஒரு புட்டி அனுப்பு. எனக்கு வலி இல்லை, சும்மா மேசையில் வாசனைக்குத் திறந்து வைக்க.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது "ஒண்ணுமில்லடி" என்று முடித்துவிடாதே. எங்கெங்கே வலிக்கிறதோ, எல்லாம் சொல்.

மேடம் கூப்பிடுகிறார், ஓடுகிறேன்.

உன் மகள்