ஐம்பது மீட்டர்

2024 டிசம்பர் 8, ஞாயிறு

முப்பது கிலோமீட்டர். இரண்டு மணி பதினோரு நிமிடம். போகும்போது கடல் காற்று முதுகில், திரும்பும்போது முகத்தில். கடைசி ஐந்து கிலோமீட்டரில் இடது தொடை முறைத்துக்கொண்டது. அறுபத்தாறு வயதுத் தொடை, அதற்கும் கோபம் வர உரிமை உண்டு.

வீட்டுக்கு வந்து மிசோ சூப்பை நின்றுகொண்டே குடித்தேன். நோரியே என் காலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், சமையலறைக்குத் திரும்பிவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் வரை இந்த மனுஷனிடம் பேசிப் பயனில்லை என்பது அவள் நாற்பது வருடக் குடித்தனத்தில் கண்டுகொண்டது.

டிசம்பர் 15, ஞாயிறு

ஓட்டச் சங்கத்தின் கூட்டம். செயலாளர் மிஹோ, நடுநிலைப் பள்ளி ஆசிரியை. நான் என் வாழ்க்கையிலேயே வேகமாக ஓடிய 1990-ல் பிறந்தவள். பிப்ரவரி மாரத்தானுக்கு என் பெயரில் துணிப் பதாகை எழுதப் போகிறாளாம். ‘ஆறு பத்தாண்டுகள், மூன்று மணிக்குள்.’

எழுபதுகளில் 2:59:53. எண்பதுகளில் 2:33. தொண்ணூறில் 2:31. அதற்கடுத்த பத்தில் 2:41, அதற்கும் அடுத்த பத்தில் 2:50. இந்தப் பத்தில்? ஒன்றும் இல்லை. 2020-ல் முழங்கால். பிறகு இரண்டு வருடம் நோய்த்தொற்றால் போட்டியே நடக்கவில்லை. அதற்குப் பிறகு 3:01, இந்த வருடம் பிப்ரவரியில் 3:00:40. ஓடாத ஓட்டத்துக்குப் பதாகை எழுதாதே என்றேன். “எழுதி வெச்சிட்டா நீங்க ஓடித்தானே ஆகணும் சார்” என்றாள். வாத்தியாரம்மா புத்தி.

தெய்ஜி அண்ணன் மூலையில் உட்கார்ந்து அரிசி அப்பளத்தைக் கடித்துக்கொண்டிருந்தார். நகராட்சியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு நான்கு வருடம் மூத்தவர், சாலைப் பிரிவு. 1979-ல் நடந்த முதல் போட்டியில் அவர் 3:00:04. அதற்குப் பிறகு எத்தனையோ முறை ஓடியும் மூன்று மணியை உடைக்கவே முடியவில்லை. இடுப்பு போனபின் போட்டி நாளில் தண்ணீர் கொடுக்கும் மேசையில் நிற்கிறார். ‘நாலு விநாடி’ என்ற பட்டப்பெயர் நான் வைத்ததுதான். இன்றைக்கும் விடவில்லை. “அண்ணே, அந்த நாலு விநாடி கிடைச்சுதா?” என்று கேட்டேன். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

டிசம்பர் 24, செவ்வாய்

ஆயிரம் மீட்டர், ஏழு தடவை. ஆறாவதில் வாந்தி வந்தது. ஏழாவதையும் ஓடினேன்.

2025 ஜனவரி 2, வியாழன்

காலை முழுக்கத் தொலைக்காட்சியில் கல்லூரிப் பையன்களின் தொடரோட்டம். ஒருவன் தோளில் மாட்டியிருந்த துணிப் பட்டையை அடுத்தவனிடம் கொடுத்துவிட்டுத் தரையில் விழுந்து அழுதான். எனக்கும் கண் கலங்கியது. நோரியே மோச்சி அரிசி உருண்டை போட்ட சூப்பைக் கொண்டுவந்து வைத்து, வருஷா வருஷம் இதே இடத்தில்தான் அழுகிறீர்கள் என்றாள்.

எனக்கு 1979 ஞாபகம். அம்மா இறந்து நான்கு மாதம். வீட்டில் இருக்கப் பிடிக்காமல்தான் ஓட ஆரம்பித்தேன். கான்வாஸ் சப்பாத்து, பள்ளிக்கூட அரைக்கால் சட்டை. ஊரில் மாரத்தான் நடத்தலாம் என்று நகராட்சி முடிவு செய்ததும் ரோட்டை அளக்கும் வேலை அண்ணனுக்கு வந்தது, எடுபிடியாக நான். ஐம்பது மீட்டர் இரும்புக் கம்பி. அவர் முன்முனையை இழுத்துக்கொண்டு போய் ஓர் ஆணி அடிப்பார். நான் பின்முனையோடு அந்த ஆணிக்கு வந்து, அதைப் பிடுங்கி, நோட்டில் ஒரு கோடு போடுவேன். இப்படி நாற்பத்திரண்டு கிலோமீட்டர். நான்கு நாள். எண்ணூற்றுச் சொச்சம் கோடுகள். குளிரில் விரல் மரத்துப் போகும். அவர் பாடிக்கொண்டே நடப்பார், எல்லாம் சுருதி சேராத பாட்டு. என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த நாட்கள் என்று கேட்டால், கல்யாணத்துக்கு முன்னால் அந்த நான்கு நாட்களைத்தான் சொல்வேன்.

போட்டியில் 2:59:53. சான்றிதழைக் கொண்டுவந்து பூசை மாடத்தில் அம்மாவின் படத்துக்கு முன்னால் வைத்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறது, பழுப்பேறி.

ஜனவரி 11, சனி

மாரத்தானையொட்டிச் சங்கம் வைக்கும் கண்காட்சிக்குப் பழைய சாமான்கள் வேண்டுமென்று மிஹோ கேட்டிருந்தாள். தெய்ஜி அண்ணனின் மனைவி ஒரு பெட்டியைக் கொடுத்தனுப்பினார். அண்ணன் அப்போது ஊரில் இல்லை, மகள் வீட்டுக்குப் போயிருந்தார். சங்கத்தில் நான்தான் பிரித்தேன். அளவு நோட்டு இருந்தது. என் கையெழுத்து. பதினைந்து கோடு, இருபது கோடு என்று கோழி கிளறியது போல.

மூன்றாவது நாள் பக்கத்தில், பாலத்தருகே, இரண்டு கோடுகளைச் சுற்றிச் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம். இரண்டுக்கும் நடுவில் ஊறுகாய்ப் பிளம் கறை. பக்கத்தில் அண்ணனின் எழுத்து: ‘1980 ஜனவரி மறு அளவு. 50 மீ. குறைவு. இங்கேதான்.’

எனக்கு உடனே ஞாபகம் வந்துவிட்டது. பாலத்துக்கு வந்ததும் ஊறுகாய்ப் பிளம் வைத்த சோற்றுருண்டை சாப்பிட உட்கார்ந்தோம். ஆணி தரையில் இருந்தது. சாப்பிட்டு எழுந்தால் மறந்துவிடுவோம் என்று முன்கூட்டியே கோடு போட்டேன். சாப்பிட்டு எழுந்து ஆணியைப் பிடுங்கியதும் கை பழக்கத்தில் இன்னொன்று.

ஒரு கம்பி நீளம். அன்றைய என் வேகத்தில் பதின்மூன்று விநாடி.

2:59:53-ஓடு பதின்மூன்றைக் கூட்டத் தெரியாதா எனக்கு? மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். 3:00:06.

அடுத்த வருடம் தொடக்கக் கோடு தபால் நிலையத்திலிருந்து டோஃபு கடைக்குப் பின்னால் போனது. கூட்டம் அதிகம், இடம் போதவில்லை என்று அண்ணன் சொன்னார். நாற்பத்தைந்து வருடமாக அதை நம்பிக்கொண்டிருக்கிறேன்.

ஜனவரி 12, ஞாயிறு

ஓடி முடித்து வழக்கம்போல் ஊர்ப் பொது வெந்நீர்க் குளியலகம். அண்ணன் நேற்று இரவே திரும்பிவிட்டாராம், தொட்டியில் கழுத்தளவு நீரில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் இறங்கி, நோட்டைப் பார்த்தேன் என்றேன். கண்ணைத் திறக்கவில்லை. அந்த நோட்டு இன்னுமா இருக்கிறது, பெட்டியில் போட்டது யார் என்று அங்கே இல்லாத மனைவியைத் திட்டினார்.

“ஏன் சொல்லல?” என்றேன்.

“எனக்கே பதினோரு மாசம் கழிச்சுத்தான்டா தெரிஞ்சுது. அதுக்குள்ள நீ அதைக் கொண்டுபோய் உங்கம்மா முன்னாடி வெச்சுட்டே. எந்த வாயால வந்து சொல்றது?”

அது மட்டும்தானா, அளவு அதிகாரி நீங்கள், உங்கள் வேலையும் போயிருக்கும் என்றேன். கோபத்தில் வந்த பேச்சு. அதற்கும் அவர் தலையை ஆட்டினார், ஆமாம் அதுவும்தான் என்று. பொய் சொல்லத் தெரியாத மனுஷன், நாற்பத்தைந்து வருடம் ஒரு பொய்யை வைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

“முதல்ல ஓடி முடி. மத்ததெல்லாம் அப்புறம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். முதுகு சுருங்கிப் போயிருக்கிறது. நான் இதுவரை கவனித்ததில்லை.

ஜனவரி 13, திங்கள்

நாலு விநாடி, நாலு விநாடி என்று நான் கத்தும்போதெல்லாம் நானும் மூன்று மணியைத் தாண்டியவன்தான் என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டே சிரித்திருக்கிறார். கல்யாண விருந்தில் சொன்னேன். அவர் ஓய்வு பெற்ற நாளில் ஒலிபெருக்கியில் சொன்னேன். அவருடைய பேரன் முன்னால் சொன்னேன்.

ச்சீ, என்ன மனுஷன் நான்.

ஜனவரி 26, ஞாயிறு

முப்பத்தைந்து கிலோமீட்டர். மிஹோவிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? அண்ணன் கேட்டுக்கொண்டார் என்று எழுதலாம். இது எனக்கு நானே எழுதுவது, இங்கேயுமா நடிப்பு? எனக்கு அந்த ஆறு வேண்டும். ஐந்து பத்தாண்டு ஓடியவர்கள் நாட்டில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். ஆறு என்றால் விரல்விட்டு எண்ணலாம். காலையில் நாலரைக்கு எழுந்து குளிரில் சப்பாத்து நாடாவைக் கட்டும்போது அந்த ஆறைத்தான் நினைத்துக்கொள்கிறேன். அதை எடுத்துவிட்டால் கால் ஓடுமா?

பிப்ரவரி 15, சனி

நாளை. நோரியே எண் அட்டையைப் பனியனில் தைத்துவிட்டாள். ஊக்கு குத்தினால் எனக்குப் பிடிக்காது. அம்மாவின் படத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். எப்போதும் ஏதாவது சொல்வேன். இன்றைக்கு வாய் வரவில்லை.

பிப்ரவரி 16, ஞாயிறு

2:59:21.

எழுத்து நேராக வரவில்லை. முப்பது வரை கடிகாரம் மாதிரி ஓடினேன். முப்பத்திரண்டில் காற்று. ஓர் இளைஞர் கும்பலின் பின்னால் ஒளிந்துகொண்டேன். முப்பத்தேழில் தண்ணீர் மேசை. அண்ணன் வழக்கமாகக் குவளையை நீட்டுவதோடு சரி, இன்றைக்கு அந்த இடுப்போடு என் கூடவே பத்தடி ஓடிவந்தார். “பதினெட்டு விநாடி மிச்சம் இருக்கு, விடாதே, விடாதே” என்றார். நாலு விநாடியைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.

கோட்டைத் தாண்டியதும் பதாகையை விரித்தார்கள். ஆறு பத்தாண்டுகள். மேயர் கை குலுக்கினார். உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் பதாகைக்குக் கீழே நிற்கச் சொன்னார். நின்றேன், சிரிக்கச் சொன்னார், சிரித்தேன். அண்ணன் தூரத்தில் காகிதக் குவளைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். படத்தில் அவர் இல்லை.

பிப்ரவரி 18, செவ்வாய்

பத்திரிகையில் படம் வந்திருக்கிறது. பார்க்க முடியவில்லை. நோரியேயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். “இன்னும் இங்கேயே உட்காந்திருக்கீங்களே?” என்றாள்.

பிப்ரவரி 20, வியாழன்

பள்ளி விடும் நேரத்துக்குப் போய் மிஹோவிடம் நோட்டைக் காட்டினேன். ஒரு பக்கத்தையே நெடுநேரம் பார்த்தாள். இது யாருக்கும் தெரியாது, யாரும் கேட்கவும் போவதில்லை என்று மெதுவாகச் சொன்னாள். ஆசிரியை இப்படிச் சொல்லலாமா என்று நான் கேட்டதும் முகம் சிவந்துபோனது. அவளையும் குறை சொல்ல முடியாது. அந்தப் பதாகையை நான்கு இரவு உட்கார்ந்து எழுதியிருக்கிறாள்.

அந்த வருடத்துப் பட்டியலைச் சேர்ந்து பார்த்தோம். அந்தப் பதின்மூன்று விநாடியில் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவன்தான். எனக்கு முன்னால் வந்தவர் 2:57. எனக்குப் பின்னால் வந்தவர் தெய்ஜி அண்ணன். வேறு யாருக்கும் நஷ்டமில்லை என்றதும் மனசு லேசானது. மிஹோ சங்கத்தின் பெயரில் ஒரு திருத்தக் குறிப்பு எழுதினாள். கோடு போட்டவன் நான்தான் என்பதையும் அதில் சேர்க்கச் சொன்னேன். சேர்த்தாள்.

மாலையில் சான்றிதழை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டு அம்மாவிடம் சொன்னேன். சத்தமாகவே சொன்னேன். ஆறு விநாடிம்மா, ஆறே விநாடி.

பிப்ரவரி 23, ஞாயிறு

குளியலகத்தில் அண்ணன் என்னைப் பார்த்ததும் எழுந்து அடுத்த தொட்டிக்குப் போனார். பின்னாலேயே போனேன்.

“நாப்பத்தஞ்சு வருஷம் வாயைக் கட்டிக்கிட்டு இருந்தேனே, எதுக்கு? உனக்காகத்தானேடா. ஒரே நாள்ல தூக்கிப் போட்டுட்டே.”

மன்னிக்கச் சொன்னேன். எதற்கு மன்னிப்பு என்று கேட்டார். பட்டப்பெயருக்கு என்றேன். தண்ணீரை முகத்தில் அள்ளி அடித்துக்கொண்டார். எவ்வளவு அடித்துக்கொண்டாலும் கண் சிவந்திருந்தது தெரிந்தது. துண்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மார்ச் 2, ஞாயிறு

தனியாக ஓடினேன். பத்து. மெதுவாக.

மார்ச் 9, ஞாயிறு

கடற்கரை ரோட்டில் நான்காவது கிலோமீட்டரில் பின்னால் சைக்கிள் மணி. அண்ணன். பழைய நகராட்சித் தொப்பி. மழை வரும் போலிருக்கிறது என்று பொதுவாகச் சொன்னார். ஆமாம் என்றேன். அப்படியே ஒரு கிலோமீட்டர் போனோம்.

திருத்தக் குறிப்பைப் படித்துவிட்டுச் சாலைப் பிரிவின் பழைய ஆட்கள் மூன்று பேர் தொலைபேசியில் கூப்பிட்டு அவரைத் திட்டினார்களாம். ஒருவர் மட்டும் குடிக்க வரச் சொன்னாராம். அண்ணன் தன் கணக்கையும் போட்டுப் பார்த்திருக்கிறார். இனிமேல் பதினேழு விநாடியாம், நாலு இல்லை. உனக்கு ஆறு, எனக்குப் பதினேழு, அப்போதும் நீதான் முன்னால் என்று குறைப்பட்டுக்கொண்டார். எனக்குச் சிரிப்பு வந்து மூச்சு தப்பியது.

“அப்ப உன் ஆறு பத்தாண்டு?” என்று கேட்டார்.

“ஐஞ்சுதான் அண்ணே. ஆறாவது இனிமே 2030-லதான் வரும்.”

கொஞ்ச நேரம் மிதித்தார். எனக்கு அப்போது எழுபத்தொன்று, அவருக்கு எழுபத்தைந்து. அவர் அதைத்தான் கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. பிறகு முழங்கையைத் தூக்கிக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

“கிலோமீட்டருக்கு நாலு நிமிஷம் நாப்பது. இந்த வேகத்துல போனா எங்கேருந்து வரும்? கூட்டு.”

கூட்டினேன்.