வடக்கு வெயில்

முதலில் மன்னித்துக்கொள்ளுங்கள். நீங்கள் இருந்தவரை உங்களுக்கு ஒரு கார்டுகூட எழுதியதில்லை. ஐந்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டதால் எழுத்துக்கூட்டி வாசிக்க அரை நாள் ஆகும் என்று நீங்களே சொல்லிச் சிரித்திருக்கிறீர்கள். நான் எழுதினால் வேறு யாராவது படித்துச் சொல்ல வேண்டியிருக்குமே என்று கூச்சப்பட்டு விட்டுவிட்டேன். இப்போது, படிக்க நீங்கள் இல்லாதபோது எழுதுகிறேன். இது நியாயமில்லை என்று எனக்கே தெரிகிறது.

மழைக்காலம் வருவதற்குள் பழைய வரைபடச் சுருள்களைச் சுற்றிவைக்கலாம் என்று இன்று காலை கடைவீதியில் நான்கு கெஜம் காடாத் துணி வாங்கிவந்தேன். மடிப்பைப் பிரித்ததும் கஞ்சி வாசம் வந்தது. தறியிலிருந்து இறங்கி இன்னும் ஒருமுறைகூடத் தண்ணீர் பார்க்காத துணியின் வாசம். உங்கள் சேலையில், கையில், நீங்கள் எனக்கு நீட்டும் டீ டம்ளரில்கூட அது இருக்கும். சுருள்களைக் கீழே போட்டுவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

எமர்ஜென்சி முடிந்த மறுவருடம் அது. சென்னையில் ஐந்து வருடம் கட்டடக்கலை படித்துவிட்டு, சேலத்தில் ஓர் ஆர்க்கிடெக்டிடம் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். திருச்செங்கோட்டுப் பக்கம் மேட்டுக்காட்டில் வெள்ளாமை பார்க்கும் குடும்பம் எங்களுடையது. எங்கள் வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள் நான்தான். ஆபீஸில் யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால், பதில் சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிடும். வரைபலகைக்குப் பின்னால் குனிந்திருந்தால் யாரும் பேசச் சொல்ல மாட்டார்கள். அதனாலேயே அந்த வேலை பிடித்திருந்தது.

எடப்பாடிக்குப் பக்கத்தில் இருபத்துநான்கு விசைத்தறி போட ஒரு கொட்டகை வேண்டும் என்று ஒரு முதலாளி ஆபீசுக்கு வந்தார். அந்த நாளில் தறிக்கொட்டகை என்றால் தாழ்ந்த கூரையும் பட்டப்பகலில் எரியும் ட்யூப் லைட்டும்தான். நான் புத்தகத்தில் பார்த்திருந்த ஒன்றை வரைந்தேன். ரம்பத்தின் பற்களைப்போல ஏறி இறங்கும் கூரை. ஒவ்வொரு பல்லின் நிமிர்ந்த பக்கத்திலும் வடக்கே பார்த்த கண்ணாடி. வடக்கில் வெயில் விழாது, நாள் முழுக்கச் சீரான வெளிச்சம் மட்டும் வரும் என்று புத்தகம் சொன்னது. ஆர்க்கிடெக்ட் சார் அதில் ஒரு கோடுகூட மாற்றவில்லை. தை மாதம் பூசை போட்டுத் தறி ஓட்டினார்கள். பகலில் ஒரு விளக்கும் எரியவில்லை. முதலாளி அக்கம்பக்கத்துத் தறிக்காரர்களைக் கூட்டிவந்து, கையை உயர்த்தி உயர்த்திக் கண்ணாடியைக் காட்டினார். நான் கிணற்றுமேட்டில் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். என் முதல் கட்டடம்.

வைகாசியில், மழைக்கு முன்னால் கூரைச் சந்துகளைச் சரிபார்த்து வரச் சொல்லி சார் அனுப்பினார். என் வெளிச்சத்தைப் பார்க்கப் போகிறேன் என்ற சந்தோஷத்தில் பஸ் ஏறினேன். உள்ளே நுழைந்தால் கண்ணாடியைக் காணோம். வெளிப்பக்கத்தில் வரிசை வரிசையாகத் துணி. பழைய சேலைகள், கழித்துப்போட்ட காடா, ஓர் ஓரத்தில் யாருடைய துண்டோ. முகத்தில் அறைந்ததுபோல இருந்தது. அந்தத் தறிச் சத்தத்துக்கு மேலே கத்திக் கேட்க எனக்குக் குரல் கிடையாது. சாயங்கால டீக்குத் தறி நிற்கும்வரை சுவரோரம் நின்றேன். தலையெல்லாம் பஞ்சோடு நீங்கள்தான் முதலில் வந்தீர்கள்.

"நீங்கதானுங்களா கண்ணாடிக் கொட்டாயி இஞ்சினியரு? நான் மீச வெச்ச ஆளா இருக்கும்னு நெனச்சுட்டிருந்தேன்."

சுற்றி நின்ற பெண்கள் சிரித்தார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது.

"இதெல்லாம் யாருங்க கட்டினது?"

"நாந்தானுங்க."

"ஏனுங்க?"

"வெயிலுங்க."

"வடக்குப் பக்கம் வெயில் வராதுங்க."

"வராதுங்களா?" நீங்கள் பக்கத்தில் நின்றவளிடம் திரும்பினீர்கள். "ஏம்புள்ள, வராதாமா. அப்ப தெனமும் நம்ம மூஞ்சில அடிக்கறது ஆருன்னு ஒரு வார்த்தை கேட்டு வெச்சுக்கோணும்."

பிறகு என் கையைப் பிடித்து இரண்டு தறிகளுக்கு நடுவே நிறுத்தினீர்கள். "நான் நிக்கற எடத்துல நில்லுங்க. நவராதீங்க." வெளியே போய் ஏணி வைத்து ஏறி, ஒரு துணியை அவிழ்த்து ஒதுக்கினீர்கள். மேற்கே சரிந்திருந்த வெயில் அந்த வடக்குக் கண்ணாடி வழியாகக் கோணலாக உள்ளே விழுந்தது. தறியில் விரிந்திருந்த பாவு, அத்தனை வெள்ளை இழைகளும், ஒரே தகரத் தகடாக மின்னியது. "இப்ப அறுந்த எழையக் காட்டுங்க பாக்கலாம்!" என்று மேலிருந்து கத்தினீர்கள். எனக்கு இழையே தெரியவில்லை. அறுந்த இழையைக் கவனிக்காவிட்டால் துணியில் குறை விழும், இரண்டு மூன்று முறை குறை விழுந்தால் தறியை வேறு ஆளுக்கு விட்டுவிடுவார்கள் என்று இறங்கிவந்து சொன்னீர்கள். வெளியே வேப்பமரத்தில் கட்டிய தூளியில் உங்கள் மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது இரண்டு வயது.

எனக்கு அந்த இடத்திலேயே அப்பா நினைவுக்கு வந்தார். எங்கள் வீட்டில் சித்திரை பிறந்ததும் வடக்குத் தாழ்வாரத்தில் அப்பா தென்னந்தடுக்கு கட்டுவார். ஆவணியில் அவிழ்ப்பார். அந்த நான்கு மாதமும் சூரியன் நம் தலையைத் தாண்டி வடக்கே போய்விடுகிறது என்பதற்கு எங்கள் வீட்டில் யாருக்கும் புத்தகம் தேவைப்படவில்லை. தடுக்கை எடுத்துக்கொடுத்தவளே நான்தான். ஆனால் படிக்கப் போனபோது, வீட்டில் தெரிந்ததெல்லாம் படிப்பில்லை என்று நானே முடிவு செய்து வாசலிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறேன். என் புத்தகத்தை எழுதியவர் குளிர் தேசத்துக்காரர். அவர் ஊரில் அவர் எழுதியது சரி. அங்கே சூரியன் தலைக்கு மேலேயே வராது. புத்தகத்தை அடைய எங்கள் வீடு அவ்வளவு பாடுபட்டிருந்ததால், அதைச் சந்தேகப்பட எனக்கு மனம் வரவில்லை. அதுதான் என் தவறு.

வெளியே கூட்டிப்போய் நீங்கள் கட்டியிருந்த விதத்தையும் காட்டினீர்கள். முதலில் கண்ணாடியோடு ஒட்டக் கட்டிப் பார்த்தீர்களாம், உள்ளே இருட்டிவிட்டதாம். பிறகு துணியின் மேல் ஓரத்தைக் கண்ணாடிக்கு மேலே கட்டி, கீழ் ஓரத்தை ஒரு மூங்கிலில் முடிந்து வெளியே தள்ளிவிட்டிருந்தீர்கள், பந்தல் சாய்ப்புப்போல. வெயில் துணியில் நின்றது. முன்னாலிருந்த கூரைச் சரிவில் பட்ட வெளிச்சம் மட்டும் துணிக்கு அடியில் புகுந்து உள்ளே போனது. நான் ஐந்து வருடப் படிப்பில் செய்யாததை நீங்கள் கழிவுத் துணியில் செய்திருந்தீர்கள்.

அப்போதுதான் முதலாளியின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. அவர் வாரத்துக்கு ஒருநாள் வருவார். அன்றைக்கு மட்டும் எல்லாவற்றையும் அவிழ்த்துவிடுவீர்களாம். அன்று சொல்லாமல் வந்துவிட்டார். ஏணியையும் துணியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எவ என்ற கண்ணாடில கந்தையத் தொங்க உட்டது? சந்தைக்கடைன்னு நெனச்சீங்களா? ஆருன்னு சொல்லுங்க. அவ தறிய இன்னைக்கே வேற ஆளுக்கு உடறேன்."

நீங்கள் தூளிப் பக்கம் பார்த்தீர்கள். உங்களுக்கு நான்கு தறி. அதை விட்டால் வேறு வழியில்லை என்பது அந்த ஒரு பார்வையிலேயே எனக்குத் தெரிந்துபோனது.

"நாந்தாங்க கட்டச் சொன்னேன்" என்றேன். அவ்வளவு சத்தமாக நான் அதற்குமுன் எதுவும் சொன்னதில்லை. "சோதனைக்குங்க. சரியா வந்தா நிரந்தரமாப் போட்டுடலாம்னு."

முதலாளி கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார். முகம் இளகியது. "அதான பாத்தேன். படிச்சவங்க யோசனைன்னா யோசனைதான். இவளுகளுக்கு இதெல்லாம் எங்கீங்க தோணப்போவுது."

நீங்கள் முந்தானையை வாயில் வைத்துச் சிரிப்பை அடக்கினீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போனதும், "பொய்யி நல்லா வருதுங்களே அம்மிணி உங்களுக்கு! அதுவும் காலேஜில சொல்லிக் குடுத்தாங்களா?" என்று கேட்டீர்கள். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டீர்கள். "என்னைக்குமே எம்பேரச் சொல்லிப்போடாதீங்க. மேல ஏறுனேன்னு தெரிஞ்சா மொதலாளியும் உடமாட்டாரு, என்ற ஊட்டுக்காரரும் உடமாட்டாரு." கையை நீட்டினீர்கள். நான் அதில் அடித்துச் சத்தியம் செய்தேன்.

அடுத்த வாரம் புது வரைபடத்தோடு வந்தேன். நூல் மூட்டைமேல் அதை விரித்ததும் நீங்கள் வெகுநேரம் தேடினீர்கள். "எதைத் தேடறீங்க?" என்றேன்.

"இதுல ஆளே இல்லீங்களே. ஆருக்குக் கட்டறீங்க?"

பென்சிலை எடுத்து, தறிக்குப் பக்கத்தில் உங்களை நிற்கவைத்து வரைந்தேன். உங்கள் கண் எந்த உயரத்தில் இருக்கிறது என்று அளந்து, அங்கிருந்து சாய்ப்பின் நுனிக்கு ஒரு கோடு இழுத்தேன். "இன்னுங் கொஞ்சம் தாழ" என்றீர்கள். தாழ்த்தினேன். இன்றுவரை நான் எந்தக் கட்டடத்தையும் அப்படித்தான் தொடங்குகிறேன். முதலில் ஓர் ஆள் நிற்பார், அல்லது உட்கார்ந்திருப்பார். சுவரும் கூரையும் அவருக்குப் பிறகுதான் வரும். முன்னாலிருக்கும் கூரைச் சரிவுக்குச் சுண்ணாம்பு அடித்து வெளிச்சத்தைக் கூட்டலாம் என்றது மட்டும் என் யோசனை. அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை.

துணி இருந்த இடத்தில் மெல்லிய கான்கிரீட் சாய்ப்பு வந்தது. பிறகு இளம்பிள்ளையில் ஒரு கொட்டகைக்குக் கேட்டார்கள். அம்மாபேட்டையில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு, ராசிபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்கு. மேஸ்திரிகள் அதற்கு 'லேடி சாய்ப்பு' என்றே பெயர் வைத்துவிட்டார்கள்.

இன்னொரு பழக்கமும் உங்களிடமிருந்துதான் வந்தது. கட்டி முடித்த ஒவ்வொரு கட்டடத்துக்கும் அடுத்த வைகாசியில் போய்விடுவேன். எங்கே கயிறு கட்டியிருக்கிறார்கள், எங்கே ஆணி அடித்திருக்கிறார்கள், எங்கே அட்டை வைத்து அடைத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். ஆஸ்பத்திரியில் நோயாளிகளோடு வந்தவர்கள் ஜன்னல் கம்பியில் சோறு கொண்டுவந்த தூக்குப்போசியை மாட்டியிருந்தார்கள்; அதற்கப்புறம் நான் வரைந்த எல்லா ஜன்னலுக்கும் அகலமான அடிப்பலகை உண்டு. "கட்டுனதைத் திரும்பிப் போய்ப் பாக்கற ஆளை இந்தத் தொழில்ல இப்பத்தான் பாக்கறேன், கட்டிக் குடுத்தமா தப்பிச்சமான்னு இருக்கணும்மா" என்பார் சார். எனக்கு அங்கே போனால்தான் அடுத்த கட்டடம் தோன்றும்.

உங்கள் கொட்டகைக்கும் ஒவ்வொரு வைகாசியும் வந்தேன். டீ வாங்கித் தருவீர்கள். ஒரே வயது என்று தெரிந்த பிறகும் நம் இருவரிடமும் அந்த 'ங்க' மட்டும் போகவில்லை. போன வைகாசியில் வந்தபோது உங்கள் தறியில் வேறொரு பெண் நின்றாள். "அவீங்களா? தை மாசமே காச்சல்ல போயிட்டாங்களே. உங்களுக்கு ஆரும் சொல்லலீங்களா?" என்றாள். யார் சொல்வார்கள்? நம்மைச் சிநேகிதிகளாக நினைத்தவர்களே இல்லை.

விசாரித்துக்கொண்டு பள்ளிபாளையம் போனேன். உங்கள் வீட்டுக்காரர் அங்கே தறிக்குச் சேர்ந்துவிட்டார். மகள் ஏழாவது படிக்கிறாள். உங்களுடைய நெற்றி. "உங்கம்மா எனக்கு ரொம்ப வேண்டியவங்க" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "எங்கம்மா தறிதானுங்க ஓட்டுச்சு. வேற ஒண்ணும் தெரியாதுங்க" என்றாள். ஏதோ நான் ஆள் மாறி வந்துவிட்டதுபோல, எனக்கு உதவுகிற குரலில் சொன்னாள். சத்தியம் செய்திருந்தேனே. ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது சேலத்தில் கட்டடக்காரர்கள் சங்கத்தில் என்னைப் பேசக் கூப்பிட்டிருக்கிறார்கள். இந்தச் சாய்ப்பு எனக்கு எப்படித் தோன்றியது என்று அரை மணி நேரம் சொல்ல வேண்டுமாம். எழுதிவைத்துப் படிக்கலாம் என்று உட்கார்ந்தேன். 'எனக்கு' என்று தொடங்கி மூன்று தாளைக் கிழித்துவிட்டேன். அன்று உங்கள் தறியைக் காப்பாற்றச் சொன்ன பொய் பத்து வருடமாக எனக்குச் சோறு போட்டிருக்கிறது. நான் அதைத் திருத்தாமல் இருந்ததற்குச் சத்தியம் மட்டுமே காரணம் என்று சொன்னால் அதுவும் பொய். பாராட்டு பழகிவிட்டது.

வரும் வெள்ளிக்கிழமை கூட்டம். அந்த முதலாளி முன்வரிசையில் இருப்பார். உங்கள் மகளையும் அவள் அப்பாவையும் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருக்கிறேன். எதற்கு என்று சொல்லவில்லை. உங்களைக் கேட்காமல் சொல்லக் கூடாது என்பதால்தான் இந்தக் கடிதத்தில்கூட உங்கள் பெயரை எழுதாமல் வந்திருக்கிறேன். இனி பறிபோக உங்களுக்குத் தறி இல்லை. ஏணியில் ஏறியதற்கு இனி யாரும் உங்களை ஏச முடியாது. அன்று என் கையில் வாங்கிய சத்தியத்தைத் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். மைக்குக்கு முன்னால் நின்று, அந்தப் பிள்ளையின் காதில் விழும்படி உங்கள் பெயரைச் சொல்லட்டுங்களா?