நல்ல கால்

சக்குபள்ளம்,
பெரிய வெள்ளி, 1974

அன்புள்ள மச்சானுக்கு,

எப்ப வருவீங்கன்னு இந்தத் தடவை கேக்கல.

உங்க அம்மா அப்படியேதான் படுத்திருக்காங்க. ஏலக்காட்டு வேலைக்குப் போறதுக்கு முன்னாடியும் வந்த பிறகும் நான்தான் துடைச்சுவிடுறேன். வாதம் விழுந்த வலது கால் ஒண்ணும் சொல்லாது. நல்லா இருக்கிற இடது காலை மட்டும், "சிலுவை கும்பிடுற வேதக்காரி கை படக் கூடாது"ன்னு மடக்கிக்குவாங்க. அன்பா செய்யிறேன்னு நினைச்சிராதீங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் செய்யிறேன்.

நேத்து பெரிய வியாழன். கோயில்ல சாமியார், ஏசு செஞ்ச மாதிரி, பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவுறதைப் பார்க்கணும்னு சேலை மாத்திக்கிட்டு நின்னேன். அப்பப் பார்த்து அத்தை படுக்கையை நனைச்சுட்டாங்க. அழுதுக்கிட்டே வெந்நீர் வச்சேன். "ஆண்டவரே, இனிமே எனக்குத் தெம்பில்ல"ன்னேன். அதுக்கு மேல ஜெபம் வரல.

எல்லாம் மாத்தி, வலது காலையும் கழுவிட்டு எந்திரிக்கப் போனேன். அத்தை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கிட்டு, அந்த நல்ல காலை மெதுவா என் பக்கம் நீட்டினாங்க.

தண்ணி ஆறிப்போயிருந்துச்சு. திரும்பவும் சுட வச்சுத்தான் கழுவினேன்.

உங்க வீட்டுல இருக்கிறவ