பிப்ரவரியில் கொடுத்த முடிவுகள்

செவ்வாய்க்கிழமை, இரவு

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. ஆறு மாதம் டத்தோ கிராமாட் வட்டாரத்தில் வீடு வீடாக மோட்டாரில் போய், சர்க்கரை நோயாளிகளின் கால் புண்களை அளந்த தாதி நான். முடிவுகளைப் பிப்ரவரியிலேயே எங்கள் பிரிவு டாக்டரிடம் கொடுத்தேன். அவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. மருத்துவ மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பும் கெடு மார்ச்சில் முடிந்தது.

இன்று காலையில்தான் அவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. கெடு முடிந்த பிறகு கிடைத்த புதிய முடிவுகளை மட்டும் இன்னும் ஏற்கிறார்களாம். அந்தப் படிவத்தில் ஓர் உறுதிமொழி: ‘இந்த முடிவுகள் கெடுவுக்கு முன் எங்கள் கைக்கு வரவில்லை.’

“டாக்டர், நான் பிப்ரவரியிலேயே கொடுத்தேனே?”

“அதெல்லாம் யாரு பாக்கப் போறா? டிக் பண்ணி அனுப்பிரு லா. இல்லன்னா உன் ஆறு மாச வேலைதான் வேஸ்ட்டாப் போயிரும்.”

இப்போது மட்டும் அது என் வேலையாம்!

புண்ணைக் கழுவும்போது பல்லைக் கடித்துக்கொண்டிருந்த பாக்கியம் அக்கா, “இத பெரிய டாக்டருங்ககிட்ட காட்டுவீங்கதானே மிஸ்ஸி?” என்று கேட்டது நினைவுக்கு வந்தது. டிக் செய்து அனுப்பிவிட்டேன்.

ஆய்வில் முதல் பெயர் அவருடையது. என் பெயர் ஆறாவது. உறுதிமொழிக்குக் கீழே மட்டும் என் பெயர் தனியாக நிற்கிறது.